தெரியாதுங்க

எனக்குச் சிங்களம் தெரியும்.

நன்றாகவே தெரியும். பேசுவேன். திட்டுவேன். சில நாள் கனவில்கூட ஆட்கள் சிங்களத்தில்தான் பேசுவார்கள். ஆனால் நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒரு சின்னப் பிள்ளையிடம் மூன்று மாதம் தெரியாது என்று சொன்னேன். அதனால் அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டுப் போனது. வேறு யாரும் காரணமில்லை. நான்தான்.

இதை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு என் முகம் தெரியாது. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

என் பெயர் பரமேஸ்வரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மாத்தளைக்குக் கிட்ட, யட்டவத்த பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கேயும் ஐந்தாம் வகுப்பு வரைதான். கேட் திறப்பது, மணி அடிப்பது, பெருக்குவது, கக்கூஸ் கழுவுவது எல்லாம் நான். முஸ்லிம் பிள்ளைகள் பாதி, எங்கள் பிள்ளைகள் பாதி.

அதற்கு முன் பதினொரு வருடம் சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் துணி துவைத்தேன். துவைக்கிற இடத்தில் நான் ஒருத்திதான் தமிழ். சிங்களம் அங்கேதான் படிந்தது.

ஒருநாள் ஒரு வெள்ளைக்காரியின் சங்கிலி காணாமல் போயிற்று. கூட வேலை செய்த பெண்கள் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். வெளியாள் ஒருத்திதானே இருக்கிறாள் என்றாள் ஒருத்தி. குசும் அங்கேதான் நின்றாள். குசும் என்னோடு ஒரே பாயில் படுத்தவள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சங்கிலி வெள்ளைக்காரியின் பைக்குள்ளேயே கிடைத்தது. என்னிடம் நேராக யாரும் கேட்கவில்லை. அதனால் யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. நான் வேலையை விட்டு, என் துணிமணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று ஒன்று பழகிக்கொண்டேன். பாஷை தெரிந்தவளிடம் மறைப்பார்கள்; தெரியாதவள் போல இருந்தால் ஆட்கள் உள்ளதைப் பேசுவார்கள்.

யட்டவத்தவில் தங்கை வீட்டுக்கு வந்த பிறகு சீகிரியாக் கதையை யாரிடமும் எடுக்கவில்லை. தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள் என்று நினைத்தார்கள். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியே போகாத பொம்பிளைக்குச் சிங்களம் எங்கே தெரியப் போகிறது? நானும் தலையை ஆட்டினேன்.

எங்கள் பெரிய சேர், அதாவது பள்ளிக்கூட அதிபர், கண்டிக்கு ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தார். வந்ததிலிருந்து வாயைத் திறந்தால் 'உட்படுத்தல்' என்ற சொல்தான். எந்தப் பிள்ளையும் வெளியே நிற்கக் கூடாதாம். கால் சரியில்லாத ஒரு பையனுக்காக வகுப்பு வாசலில் சாய்வாகச் சீமெந்து போட்டார்கள். முஸ்லிம் பிள்ளைகள் ஒரு வாங்கில், எங்கள் பிள்ளைகள் ஒரு வாங்கில் என்று உட்கார்ந்திருந்ததைக் கலைத்தார்கள். நல்ல வேலைதான். கேட்டுக்கு மேலே நீலப் பலகை ஒன்று ஏறியது. 'யாரையும் விட மாட்டோம்' என்று வெள்ளை எழுத்து.

பிள்ளைகளை ஏற்றி வரும் த்ரீவீல்காரர் ரபீக் நானா அதை நிமிர்ந்து பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"என்னக்கா, யாரையும் விட மாட்டீங்களா? அப்ப நான் ஏத்திட்டு வந்த புள்ளைகள எங்க கொண்டு போய் எறக்கிறது?"

"ஒங்களத்தான் விட மாட்டோம். புள்ளைகள எறக்கிட்டுப் போங்க நானா."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பலகையைத் துடைப்பதும் என் வேலைதான். இன்றைக்கும்.

அடுத்த ஜனவரியில் நெத்மி வந்தாள். ஆறு வயது. முதலாம் வகுப்பு. தகப்பன் தமிழ், பெயர் கணேசன். தாய் சிங்களம், பல்லேபொல ஊர்க்காரி. வீட்டில் பேச்சு சிங்களம். பிள்ளைக்குத் தமிழில் ஒரு சொல் தெரியாது.

எனக்கு உடனே உறுத்தியது. ரோட்டுக்கு மேலே நல்ல சிங்களப் பள்ளிக்கூடம் இருக்கிறது. மாடிக் கட்டடம். பெரிய விளையாட்டு மைதானம். அதை விட்டுவிட்டு ஒழுகுகிற கூரைக்குக் கீழே தாய் ஏன் கொண்டு வந்து விடுகிறாள்? அந்த வருடம் எங்களிடம் பிள்ளைகள் குறைவு. கீழ்க் கட்டடத்தைச் சிங்கள வகுப்புக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஒரு கதை ஓடியது. முதலில் ஒரு பிள்ளை வரும்... பிறகு பத்து வரும்... பிறகு பலகையில் எழுத்து மாறும். எனக்கு அப்படித்தான் பட்டது.

முதலாம் வகுப்பு ரிஸ்னா டீச்சர் கிழக்கிலிருந்து மாற்றமாகி வந்தவர். மற்ற டீச்சர்மாரும் அந்தப் பக்கம்தான். அவர்களுக்குச் சிங்களம் ஓடாது. பெரிய சேருக்கு நல்ல சிங்களம். ஆனால் அவர் பாதி நாள் வலயக் கல்விக் காரியாலயத்தில்.

இரண்டாம் நாள் ரிஸ்னா டீச்சர் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். பிள்ளை அழுதிருந்தாள்.

"பரமேசக்கா, உங்களுக்குச் சிங்களம் தெரியுமா? இந்தப் புள்ள என்னத்தச் சொல்றா எண்டு எனக்கு ஒண்டும் விளங்குதில்ல."

பிள்ளை தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். போத்தலை த்ரீவீலில் விட்டுவிட்டாளாம். அவ்வளவுதான்.

"தெரியாதுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன்? டீச்சர் மேல் கோபமில்லை. பிள்ளை மேலும் இல்லை. தெரியும் என்று சொன்னால் தாயும் என்னிடம் பேசுவாள். தெரியாது என்று இருந்தால் தாய் என் முன்னால் வேறு யாரோடாவது பேசுவாள். எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அப்போது தெரியவரும். இதுதான் என் யோசனை. ஒரு பிள்ளையின் தாகத்தை வைத்து உளவு பார்த்தேன்.

அன்று அவள் குழாயடிக்குத் தானே போய்க் குடித்தாள். மறுநாள் "தண்ணி" என்று கேட்டாள். பார், பிள்ளை படித்துவிட்டது, நல்லதுதானே செய்தேன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஆனால் அவள் முதலில் படித்த சொல் அதுவல்ல.

ஒரு கிழமை போன பிறகு ரிஸ்னா டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். "நெத்மி தமிழ் கதைக்கத் தொடங்கிட்டா அக்கா. எதக் கேட்டாலும் 'தெரியாதுங்க' எண்டு மரியாதையாச் சொல்றா. எங்க பக்கம் இந்த 'ங்க' இல்ல. ஆருக்கிட்டப் படிச்சாவோ."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த ஒரு கிழமையும் பிள்ளை எதைக் கேட்டு வந்தாலும் நான் சொன்னது அதைத்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிள்ளை அடிக்கடி "தாத்தா" என்று சொல்வாள். தாத்தா படுத்திருக்கிறார் என்பது போலக் கையால் காட்டுவாள். இவளுடைய பாட்டனாருக்குச் சுகமில்லையாம் என்று டீச்சர் மற்றவர்களிடம் சொன்னார். சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். எனக்குத் தெரியும். சொல்லவில்லை. முழுப் பள்ளிக்கூடமும் இல்லாத ஒரு பாட்டனாருக்காகக் கவலைப்பட்டது.

மார்ச் மாதம் நான் காத்திருந்தது நடந்தது. பள்ளிக்கூடம் விடும் நேரம். தாய் கேட்டோரம் நின்று போனில் தன் சகோதரியோடு பேசினாள். நான் இரண்டு அடி தள்ளிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தாள். இவளுக்கு விளங்காது என்று முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அவள் சொன்னது இது. கணேசன் கராம்பு பறிக்க ஏறி மரத்திலிருந்து விழுந்துவிட்டான். தலையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சும் போயிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. ஆனால் தமிழ் மட்டும்தான் திரும்பியது. சிங்களத்தில் ஒன்றும் வருவதில்லை. சொன்னாலும் பிடிபடுவதில்லை. "ஒன்பது வருடம் அவர் என் பாஷையில் என்னோடு பேசினார். நான் அவருடையதில் ஒரு சொல் படிக்கவில்லை. இப்போது ஏதோ கேட்கிறார், நானும் மகளும் முழிக்கிறோம். இவளாவது படிக்கட்டும். என்ன வேண்டுமென்று எனக்குச் சொல்வாள்."

என் கை நின்றுவிட்டது. உடனே மறுபடி பெருக்கினேன்.

அன்றே வாயைத் திறந்திருக்கலாம். நீங்கள் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தலையில் அடிபட்டால் சிங்களம் மட்டும் போகுமா? கதை நன்றாகத்தான் கட்டுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கேட்க வேண்டுமென்றே சத்தமாகப் பேசுகிறாளோ என்றும் நினைத்தேன். இரண்டு மாதம் காது கொடுத்துக் காத்திருந்து உண்மை கிடைத்தபோது அதை நம்பவில்லை.

அடுத்த கிழமைதான் அது.

காலையில் கக்கூஸ் பக்கம் வாளியோடு நின்றேன். நெத்மி வந்து என் பாவாடையைப் பிடித்தாள்.

"நெந்தே" என்றாள். மாமி என்பது போல. பிறகு மெல்ல, "தெபரு."

தெபரு என்றால் குளவி. சீகிரியாவில் பதினொரு வருடம் இருந்தவளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. மலையில் கூடு கலைந்தால் ஹோட்டல் கதவெல்லாம் சாத்துவார்கள். பிள்ளை கையை நீட்டிக் காட்டவில்லை. குளவியைக் கையால் காட்டாதே என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். சொல்லை மட்டும் சொன்னாள்.

என் கண் தானாக மேலே போயிற்று. தாழ்வாரத்து மூலையில் தேங்காய் அளவு கூடு.

சட்டென்று கண்ணை இறக்கினேன். ஆனால் அவள் பார்த்துவிட்டாள். சொல் விளங்காதவள் மேலே பார்ப்பாளா? ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது போதும்.

என்னைச் சோதிக்கிறாள் என்று நினைத்தேன். இந்தப் பொம்பிளைக்குச் சிங்களம் தெரியுமா பார் என்று தாய் சொல்லி அனுப்பியிருப்பாள்... இப்படியும் ஒரு மனம் இருக்குமா என்று கேட்காதீர்கள். இருந்தது. என்னிடம் இருந்தது.

"தெரியாதுங்க" என்றேன். அவளுக்கு நன்றாக விளங்கும் சொல்.

கூரையோரம் தட்டிக் கூடு இல்லாமல் பார்ப்பதும் என் வேலைதான். பல நாளாகத் தட்டவில்லை. பள்ளிக்கூடம் விட்ட பிறகு யாருக்கும் தெரியாமல் புகை போட்டு எடுத்துவிடலாம் என்று வாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இடைவேளையில் பிள்ளைகள் பந்தோடு அந்தப் பக்கம் ஓடினார்கள். நெத்மி முன்னால் போய் இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

"எபா! எபா!"

எபா என்றால் வேண்டாம். பிள்ளைகள் புது விளையாட்டு என்று நினைத்து அவளைச் சுற்றிக் கத்தினார்கள். விறாந்தையில் நின்ற ரிஸ்னா டீச்சரின் முகம் இளகிப் போயிற்று.

"பாவம் அக்கா, அப்பாவக் கூப்புடுறா."

தகப்பனைச் சொன்னபோது பாட்டன் என்றார்கள். வேண்டாம் என்றபோது தகப்பன் என்றார்கள். இரண்டும் சரியாக விளங்கியது எனக்கு மட்டும்தான்.

டீச்சர் அவளிடம் போனார். "அப்பா வருவார் மகள், அழாதீங்க." பிள்ளை டீச்சரின் கையை உதறிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினாள்.

மணி என் கையில் இருந்தது. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வாயைத் திறக்கக்கூடத் தேவையில்லை. மணியை அடித்திருந்தால் பிள்ளைகள் வகுப்புக்கு ஓடியிருப்பார்கள். இடைவேளை முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது, முன்னால் அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள் என்று யோசித்தேன். யோசித்து முடிக்குமுன் பந்து கூரையில் பட்டது.

நான்கு பிள்ளைகளுக்குக் குளவி கொட்டியது. டீச்சருக்கும் கொட்டியது. அஸாம் என்ற பையனுக்கு முகம் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. ரபீக் நானா அவனை மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார். இரண்டு நாளில் வீட்டுக்கு வந்துவிட்டான். நெத்மிக்குக் கழுத்திலும் கையிலும் கொட்டியிருந்தது. மற்றவர்கள் ஓடினார்கள். அவள் கையை விரித்தபடியே நின்றிருக்கிறாள்.

மூன்றாம் நாள் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் வீட்டில் சொன்ன கதை ஒன்றுதான். நெத்மி கத்தினாள், கையை வீசினாள், குளவி வந்தது. பந்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பந்து அவர்களுடையது.

அஸாமின் தாய் எழும்பினாள். "எங்கட மகன்ட கண்ணு போயிருந்தா ஆரு பதில் சொல்ற?"

பின்னாலிருந்து ஒருவர், "பாஷை தெரியாத புள்ளையக் கொண்டாந்து நடுவுல போட்டா இப்பிடித்தான் சேர் ஆகும். போர்டு எழுதுறது லேசு."

ரிஸ்னா டீச்சர் வீங்கிய கையோடு எழும்பினார். "அந்தப் புள்ள வேணுமெண்டு செய்யல்ல. அவ அப்பாவத்தான் கூப்பிட்டவ." நல்ல மனதோடு சொன்னார். அதுவும் பிள்ளைக்கு உதவவில்லை.

நெத்மியின் தாய் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பெரிய சேரிடம் சிங்களத்தில் சொன்னாள். மகள் காலையிலேயே கேட் நெந்தாவிடம் குளவி இருக்கிறது என்று சொன்னாளாம். நெந்தா மேலே பார்த்தாளாம்.

பெரிய சேர் என் பக்கம் திரும்பினார். "பரமேசு, புள்ள ஒங்ககிட்ட காலையிலயே சொன்னாளாமே. ஏதும் சொன்னாளா?"

எல்லாத் தலையும் திரும்பியது. நெத்மி தாயின் மடியோரம் நின்று என்னைப் பார்த்தாள். கழுத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது.

கூரையைத் தட்டாததும் வெளியே வரும். மூன்று மாதப் பொய்யும் வெளியே வரும். வேலை போனால் தங்கை வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? இதெல்லாம் ஒரு மூச்சு விடும் நேரத்தில் ஓடியது.

"ஒண்ணும் சொன்ன மாதிரி இல்லீங்க சேர். சொல்லியிருந்தாலும் எனக்குத் தெரியாதுங்க."

பெரிய சேர் தாயிடம் திரும்பிச் சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். அந்த அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, பிள்ளை பயத்தில் ஏதோ சொல்கிறது, பிள்ளையின் நல்லதுக்குத்தான் சொல்கிறேன், சொந்தப் பாஷையில் படித்தால் நன்றாக வரும். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. விளங்காத முகத்தோடு நின்றேன். தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அடுத்த கிழமை வந்து விடுகைப் பத்திரத்தை வாங்கிக்கொண்டு போனாள். கேட்டை நான்தான் திறந்துவிட்டேன்.

சில நாள் கழித்து ரபீக் நானா த்ரீவீலைத் துடைத்துக்கொண்டே சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

"அக்கா, விளையாட்டுப் போட்டியண்டு அந்த வலயத்து ஆபீசர் மஹத்தயா சிங்களத்துல ஒரு பகிடி விட்டாரே, ஞாபகமா?"

"எனக்கென்ன தெரியும். எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

"இல்லக்கா. மொதல்ல சிரிச்சது நீங்க."

அவ்வளவுதான். துணியை உதறிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றுவரை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. ஏன் சொல்லவில்லை என்று அதையும் சந்தேகப்படுகிறேன். பெரிய சேர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் அதையும் சந்தேகப்படுகிறேன். குசும் அன்று ஏன் பேசாமல் நின்றாள் என்று இத்தனை வருடமும் கோபம் இருந்தது. அவளும் ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்திருப்பாளோ...

போன மாதம் யட்டவத்தச் சந்தைக்குப் போயிருந்தேன். பின்னேரம். மரக்கறி வாங்கிக்கொண்டு திரும்பும்போது ரோட்டோரம் ஒரு த்ரீவீல் நின்றது. பின் இருக்கையில் ஒரு மனிதன் சாய்ந்திருந்தான். வலது கை மடியில் செத்தது போலக் கிடந்தது. பக்கத்தில் நெத்மி. தாயைக் காணவில்லை. சந்தைக்குள் போயிருப்பாள்.

தாய் கதை கட்டவில்லை. எல்லாம் அவள் போனில் சொன்னபடியே இருந்தது.

மேற்கு வெயில் நேராக அவன் முகத்தில் அடித்தது. அவன் கண்ணைச் சுருக்கினான். வாய் கோணி மெல்லச் சொன்னான்.

"கூசுது."

பிள்ளை தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவன் வேண்டாமென்று தலையை ஆட்டினான். பிஸ்கட்டை நீட்டினாள். அதற்கும் ஆட்டினான்.

"கூசுது... கூசுது, மகள்."

மகள் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும். மற்றது விளங்கவில்லை. அவள் தகப்பன் முகத்தையே பார்த்தாள். பிறகு அவளிடம் இருந்த தமிழில் பதில் சொன்னாள். எங்கள் பள்ளிக்கூடம் கொடுத்த தமிழ். நான் கொடுத்தது. இழுவைகூட என்னுடையதுதான்.

"தெரியாதுங்க."

நான் நான்கு அடி தூரத்தில் நின்றேன். இரண்டு பாஷையும் என் வாயில் இருந்தது. வெயில் என்று சிங்களத்தில் ஒரு சொல் போதும்.

போய் த்ரீவீலின் பக்கவாட்டுப் படங்குச் சீலையை இழுத்துவிட்டேன். அவன் முகத்தில் நிழல் விழுந்தது. கண்ணைத் திறந்தான். பிள்ளை படங்கைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். வாயைப் பார்க்கவில்லை. அன்று கூரைக்குக் கீழே பார்த்தது போலக் கண்ணைப் பார்த்தாள்.

"நெந்தே" என்றாள். அப்பா என்ன சொன்னார் என்று சிங்களத்தில் கேட்டாள்.

தாய் சந்தை வாசலில் வருவது தெரிந்தது. நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தேன். பதில் சொல்லவில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை. அதைக்கூட அவள் முன்னால் சொல்ல எனக்கு இனி வாய் வராது.

நாளைக் காலை ஆறரைக்கு கேட் திறக்க வேண்டும். பலகையில் தூசி படிந்திருக்கிறது.